கரி படாத இடம்

ஜூன் 9, திங்கள்

பரமக்குடியில் அறை கிடைத்துவிட்டது. மாடி. மின்விசிறி சுற்றினால் சுவரில் காலண்டரும் சேர்ந்து ஆடுகிறது.

இன்று அறக்கட்டளையில் சேர்ந்தேன். மூன்று மாத வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் இடமும் வாங்கி, கட்டணத்துக்கும் விடுதிக்கும் வழியில்லாத பிள்ளைகள் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதை வைத்துத்தான் யாருக்கு என்று முடிவு செய்வார்கள்.

ஒருங்கிணைப்பாளர் பெயர் அமலோற்பவம். எல்லோருக்கும் அமலி மேடம். பயிற்சி என்று அவர் சொன்னது இவ்வளவுதான்:

"எதையும் கேக்காதீங்க. கேட்டா நமக்குப் புடிச்ச மாதிரி சொல்லிருவாங்க. பாருங்க. கூரை, தரை, வண்டி, ஃப்ரிஜ், டிவி. பாத்தத எழுதுங்க. போதும்."

பிடித்திருந்தது. ஹைதராபாத்தில் என் எம்.ஏ. ஆய்வேடே இதைப் பற்றியதுதான்: எதிலும் தலையிடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் கதைசொல்லி. பேராசிரியர் "உனக்குக் கண் இருக்கிறது" என்று ஓரத்தில் எழுதித் தந்தார்.

நான் எழுத நினைத்திருக்கும் நாவலுக்கு வேண்டியது இந்த மூன்று மாதத்தில் கிடைத்துவிடும்.

ஜூன் 11, புதன்

வெயில். ஐந்து வீடுகள். அப்பா போன் செய்தார். பிஎச்.டி.க்கு எப்போது பதிவு என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்றேன். சிக்னல் நன்றாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

என்னோடு வீடு பார்க்க வருபவர் சீனி இபுராகீம். இளையான்குடிக்காரர். இதே அறக்கட்டளையின் உதவியில் பாலிடெக்னிக் படித்தவர். பைக் அவருடையது. என்னைப் 'புரபஸர்' என்கிறார். முதல் நாள் கோபம் வந்தது. இப்போது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

நாங்கள் வரும் நாளை யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் பள்ளித் தலைமையாசிரியர்கள் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் மேல் உள்ள பிரியம்.

"அதனால டிவி எல்லாம் விருந்தாளியாப் போயிருக்கும் புரபஸர். பக்கத்து வீட்டுக்கு. செவுத்துல ஆணியப் பாருங்க. ஆணி இருந்து டிவி இல்லைன்னா, அது சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்குன்னு அர்த்தம்."

"எழுதுவீர்களா?"

"ஆணிய எழுதுவேன். சித்தப்பாவ எழுத மாட்டேன்."

இன்று பார்த்த ஒரு வீட்டில் மிக்ஸியைச் சேலையால் மூடிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சேலைக்கு வெளியே வயர் நீட்டிக்கொண்டிருந்தது. குறித்துக்கொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

பூலனேந்தல். முதுகுளத்தூரிலிருந்து உள்ளே. இரு பக்கமும் சீமைக்கருவேலம். ஊருக்கு வெளியே கரி மூட்டங்கள். விறகை அடுக்கி, மேலே மண் பூசி மூடி, உள்ளே தீயைப் புழுங்கவிடுகிறார்கள். ஊர் முழுக்க அந்த வாடை. பைக்கிலிருந்து இறங்கும்போதே என் சட்டையில் ஏறியிருந்தது.

இரண்டு வீடுகள். ஒரே தெரு.

முதல் வீடு நாகஜோதி. மதுரைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. வேதியியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பா ஊர்க்காவலன் கூலிக்கு மூட்டம் போடுபவர். அம்மா பஞ்சவர்ணம். ஒரே பெண்.

ஓட்டு வீடு, ஒற்றை அறை, பூசாத சுவர். உள்ளே நுழைந்ததும் நானும் சீனியும் நின்றுவிட்டோம். அறையின் பாதியை ஒரு ஃப்ரிஜ் அடைத்திருந்தது. இரட்டைக் கதவு. வானநீலம். கதவில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கள். பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலிகள், பாலிதீன் கூடப் பிரிக்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள். ஊர்க்காவலன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க சார். நமக்குக் கொறை ஒண்ணுமில்ல. பிள்ளைய நல்லா வச்சிருக்கோம்."

வண்டி வழியில் நிற்கிறது, கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று சீனி கேட்டார். ஊர்க்காவலன் தெருவில் போன ஒரு பையனைக் கூப்பிட்டுத் தள்ள வைத்தார். தான் தொடவில்லை. பிறரை ஏவி வேலை வாங்கும் பழக்கம் என்று குறித்தேன்.

குடிக்கத் தண்ணீர் தந்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தது.

மதிப்பெண் பட்டியலைக் கேட்டோம். பஞ்சவர்ணம் ஃப்ரிஜ்ஜைத் திறந்து உள்ளேயிருந்து எடுத்துத் தந்தார். "இதுக்குள்ளதேன் சார் கரித்தூசி படாது" என்றார். ஃப்ரிஜ்ஜுக்குள் ஒரு மகளின் மதிப்பெண்கள்! இப்படி ஒரு படிமத்தை உட்கார்ந்து யோசித்தால் வராது. நாவலுக்கு ஆகும்.

நாகஜோதி மூலையில் நின்றிருந்தாள். சீனி அவளிடம் ஏன் வேதியியல் என்று கேட்டார். "எங்கப்பா தொழில்தான சார். காத்தில்லாம எரிக்கிறது. காலேஜுல சட்டை அழுக்காகாது" என்றாள். சீனி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நாற்காலி பாலிதீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் சீனியின் பைக்கில் காற்று இல்லை. அவர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது வீட்டுக்கு நான் தனியாகப் போனேன்.

ஜெயவேல். அதே கல்லூரியில் பி.சி.ஏ. அப்பா செல்லத்துரை இன்னொருவரின் மினிலாரி ஓட்டுகிறார். தளம் போட்ட வீடு, இரண்டு அறை. ஆனால் காலி. நான் பார்த்த எந்த வீடும் இவ்வளவு காலியாக இல்லை. அரசு கொடுத்த சின்ன டிவி ஒன்று. சமையலறையில் தரை முழுக்க மங்கல், ஒரு மூலையில் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று ஓர் இடம். அதற்கு மேலே சுவரில் ஸ்டெபிலைசர். எதனோடும் இணைக்காமல், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இருந்ததை விற்றிருக்கிறார்கள். கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பதுதான் விதி. இல்லாத ஒன்றுக்காக எரியும் விளக்கு. வெகுநேரம் அதையே பார்த்தேன்.

ஜெயவேலின் தங்கை, ஐந்து வயதிருக்கும், என் புறங்கையில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். இன்னும் எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அறிக்கைகள் எழுதினேன். ஜெயவேல்: பரிந்துரை. நாகஜோதி: பரிந்துரை இல்லை. ஃப்ரிஜ், வண்டி, நாற்காலிகள், தந்தையின் தோரணை எல்லாவற்றையும் எழுதினேன்.

சீனி கொஞ்சம் தயங்கினார். "அந்த வீட்டுக்கு அந்த ஃப்ரிஜ் ஒட்டலையே புரபஸர்."

"மறைக்கக்கூடத் தெரியாதவர்கள்" என்றேன். "இருப்பதைக் காட்டிக்கொள்ளும் ஆசை. உதவி வாங்கும்போதும் விடவில்லை."

"அதுவும் சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 19, வியாழன்

துணி துவைத்தேன். திங்கட்கிழமைச் சட்டையில் இரண்டு முறை அலசியும் கரி வாடை.

ஜூன் 21, சனி

பட்டியல் முடிந்தது. முதுகுளத்தூர் ஒன்றியத்தில் ஜெயவேல் இருக்கிறான். கிடைக்காதவர்களுக்குக் குறுஞ்செய்தி போய்விட்டது. 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் செய்தி. அதை எழுதித் தந்ததும் நான்தான். 'வருந்துகிறோம்' வேண்டாம் என்றேன். அமலி மேடம் இருக்கட்டும் என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

ஊர்க்காவலன் அலுவலகத்துக்கு வந்தார். அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை இல்லை. கைவிரல் இடுக்கில், காது மடலில் கரி. பஸ்ஸில் வந்திருந்தார்.

வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன். நாற்காலியில் கரி ஒட்டும் என்று உட்கார மறுத்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன் சார். கோவிச்சுக்கிறாதீக. எதுல கொறஞ்சு போச்சு?"

"எதில் என்றால்?"

"வீட்லதேன். பீரோ இல்லைன்னா?" அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. "பீரோவும் வாங்கி வச்சிருவோம்னுதேன் சொன்னேன். கொண்டாந்துட்டோம். நெலவாசல் குறுகல், உள்ள போகல. திருப்பி அனுப்பிட்டோம். அது ஒண்ணுதேன் கொறை. மத்ததெல்லாம் வச்சிருந்தம்ல?"

எனக்குப் புரியவில்லை. அல்லது புரியத் தொடங்கியிருந்தது. யாரிடமிருந்து வாங்கி வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம செல்லத்துரைகிட்டத்தேன். பிரிஜ்ஜு அவுகளுது. அவுகளே, 'எங்க வீட்டுல இன்னைக்கு இருக்க வேணாம், உங்க வீட்டுல இருக்கட்டும்'னு தூக்கியாந்து வச்சாக. நல்ல மனுசன். வண்டி அவரு மச்சினனுது. எனக்கு ஓட்டத் தெரியாது, சாவிய மட்டும் குடுத்தாக. சேரு பந்தல் கடையில வாடகைக்கு."

பின்னால் சீனி மெதுவாக "யா அல்லா" என்றார்.

"எதுக்காக அப்படி வைத்தீர்கள்?"

இப்படியும் ஒருவன் கேட்பானா என்பது போல ஊர்க்காவலன் என்னைப் பார்த்தார்.

"போன மாசம் படிப்புக் கடனுக்குன்னு பேங்குல எழுதிக் குடுத்தம்ல. ஒரு சார் வந்து வீட்டப் பாத்தாரு. 'என்னய்யா, ஒரு பொருளு இல்ல, எத நம்பிக் குடுக்குறது'ன்னு கேட்டாரு. நாயமான கேள்விதான? அதேன் நீங்க வர்றீகன்னு எட்மாஸ்டர் சொல்லவும், இந்தத் தடவ அந்தப் பேச்சுக்கு இடங்குடுக்கக் கூடாதுன்னு…"

சீனி டீ வாங்கப் போனார். டீ வருவதற்குள் ஊர்க்காவலன் கிளம்பிவிட்டார். போகும்போது சொன்னார்:

"ஒண்ணாந் தேதி ராஜபாளையம் மில்லுல இருந்து வேன் வருது. பொம்பளப் பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போறதுக்கு. அங்கயே தங்கி வேலை. சும்மா வீட்ல வச்சு என்ன செய்ய? அதுக்கு முன்னால உங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்னுதேன் வந்தேன். தப்பா நெனைக்காதீக."

தெருவுக்கு இறங்கிவிட்டார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்ப்பதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 24, பிறகு

ஒரே ஃப்ரிஜ். ஒரு வீடு ஏழை என்று காட்ட வெளியே போனது. இன்னொரு வீடு வசதி என்று காட்ட உள்ளே வந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவன் நான் மட்டும்தான். சீனி இரண்டாவது வீட்டுக்கு வரவில்லை.

பட்டாம்பூச்சி பேனா மூடியில் ஒட்டியிருக்கிறது.

ஜூன் 25, புதன்

காலையில் நாகஜோதி போன் செய்தாள். அப்பாவின் போனிலிருந்து.

"சார், எங்கப்பா அங்க வந்துச்சாமே."

"வந்தார்."

"எல்லாத்தையும் சொல்லிருச்சா?"

"சொன்னார்."

"ஜெயவேல் வீட்டுதுன்னுமா?"

"ம்."

பின்னணியில் ஆடு கத்தியது.

"அத மட்டும் கேக்காத மாதிரி இருந்துக்கங்க சார். எங்கப்பாவுக்கு எதுவும் தெரியாது, வெள்ளந்தி. ஜெயவேல் பேர எடுத்துட்டு எம் பேரப் போட்றாதீங்க. அவுகளும் ஒண்ணும் பெரிய ஆளுக இல்ல. அந்த ஃப்ரிஜ்ஜுக்கே ரெண்டு தவணை பாக்கின்னு கடைக்காரரு தெருவுல நின்னு கத்துனாரு. இவன் படிக்கலைன்னா நாளைக்கே லாரில கிளீனரா ஏத்தி விட்ருவாக."

"உன் அப்பா செய்தது உனக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாம? நானும்தான் சேர் தூக்குனேன்."

"நீயாவது சொல்லியிருக்கலாமே. அறக்கட்டளை வேறு, வங்கி வேறு என்று."

"யாரு சொன்னா எங்களுக்கு? பேங்க்காரரும் பேண்ட் சட்டை போட்டுத்தான் வந்தாரு. அவரும் கூரையப் பாத்தாரு, தரையப் பாத்தாரு, எழுதிக்கிட்டாரு. நீங்களும் ஒண்ணுமே கேக்கல." பிறகு குரல் மாறியது. "நீங்க அங்கதான சார் இருந்தீங்க? மார்க் லிஸ்ட்ட எங்கம்மா அதுக்குள்ள இருந்துதான எடுத்துக் குடுத்துச்சு? கையில வாங்குனீங்கள்ல? சில்லுன்னா இருந்துச்சு?"

இல்லை என்றேன்.

"பின்ன?"

வைத்துவிட்டாள்.

ஜூன் 26, வியாழன்

அமலி மேடத்திடம் சொன்னேன். நாகஜோதி வீட்டில் பார்த்த எதுவும் அவர்களுடையது இல்லை என்று மட்டும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வீட்டு நெலமையப் பொய்யாக் காட்டுனா விண்ணப்பம் தள்ளுபடி. விதி தெரியும்ல?"

சீனி கேட்டார். "கூடக் காட்டுனாலுமா மேடம்?"

"இதுவரைக்கும் யாரும் கூடக் காட்டுனதில்லையேப்பா." சிரிப்பு வந்தது அவருக்கு. உடனே போய்விட்டது. "ஃப்ரிஜ் யாருது?"

அந்த ஒன்றியத்துக்குப் பணம் அளந்துதான் இருக்கிறது. ஜெயவேல் பட்டியலில் கடைசி. அவன் போனால் இவள். நான் வாயைத் திறந்தால் ஒருவன் போவான், திறக்காவிட்டால் ஒருத்தி.

"இளமாறன், உங்களத்தான் கேக்குறேன்."

"சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் மேடம்."

"யாரு?"

"நாகஜோதி."

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சனிக்கிழமை நானே வர்றேன். ரெண்டு அறிக்கையையும் எடுத்து வைங்க."

இரண்டு என்றார். நான் ஒன்றைத்தான் சொல்லியிருந்தேன்.

ஜூன் 28, சனி

தலைமையாசிரியர் இந்த முறையும் ஊருக்குச் சொல்லிவிட்டார்.

தெருவுக்குள் திரும்பினோம். ஃப்ரிஜ் தெருவில் நின்றது. ஊர்க்காவலன் வீட்டுக்கும் செல்லத்துரை வீட்டுக்கும் நடுவில், வேப்பமரத்தடியில், மேலே ஒரு நைலான் சேலை போர்த்தி. ஊர்க்காவலன் திருப்பிக் கொடுத்திருக்கிறார். செல்லத்துரை வீட்டில் உள்ளே எடுக்கவில்லை. ஓர் ஆடு அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

தெருவில் எல்லோரும் அவரவர் வாசலில். யாரும் ஃப்ரிஜ்ஜைப் பார்க்கவில்லை. ரொம்பக் கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

மேடம் நேராக அதனிடம் போனார். சேலையை விலக்கிக் கதவைத் திறந்தார். காலி.

"யாருது இது?"

ஒரு பெரியவர், "ஊருக்குப் பொதுவுங்க" என்றார். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"பொதுவா? அப்ப பஞ்சாயத்துல எழுதிக்கிறலாமா?"

"எங்களுது மேடம்."

ஜெயவேல். வாசலிலிருந்து இறங்கி வந்துவிட்டான். அவன் அம்மா பின்னாலேயே ஓடி வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "வாயப் பொத்துடா, கூறுகெட்டவனே! ஒன்னய யாரு கேட்டா?"

"எத்தன நாளைக்கும்மா தெருவுல வச்சிருக்க? மழை வந்தா?"

"வந்தா வரட்டும்! ஒங்கப்பன் ராத்திரி பகலா வண்டி ஓட்டி வாங்குனது, ஒம் படிப்புக்குக் குறுக்க வந்து நிக்குதேடா…"

செல்லத்துரை உள்ளேயிருந்து வரவே இல்லை.

அப்போது நாகஜோதி பேசினாள். தன் வீட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டு.

"அவுகளுதுன்னு எழுதாதீங்க மேடம். தவணை முடியல. கடைக்காரருதுன்னுதான் எழுதணும்."

தெருவே சிரித்தது. ஜெயவேலின் அம்மாவுக்கும் அடக்க முடியவில்லை, சிரித்துக்கொண்டே அழுதார். சீனி திரும்பி நின்றுகொண்டார். அமலி மேடம் சிரிக்கவில்லை. சேலையை எடுத்து ஃப்ரிஜ்மேல் பழையபடி போர்த்திவிட்டார்.

இரண்டு வீட்டுக்கும் போனார். தரையில் உட்கார்ந்தார். கேட்டார். கேட்கக் கூடாது என்று சொன்னவர் எல்லாவற்றையும் கேட்டார். மூட்டம் போட்டு எத்தனை நாளில் கூலி, மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள், லாரி ஓடாத மாதம் அரிசி எங்கிருந்து, மில்லுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்களா. நான் எழுதிக்கொண்டேன். ஊர்க்காவலனின் அறை ஃப்ரிஜ் இல்லாமல் பெரிதாகத் தெரிந்தது. சுவரில் ஒரு பல்பு. பிளக் போட ஒரு துளைகூட இல்லை. அன்றைக்கும் இருந்திருக்காது.

மதிப்பெண் பட்டியல் இப்போது பானைக்குள் இருந்தது. பாலிதீனில் சுற்றி. நாற்காலியிலிருந்து உரித்ததாக இருக்கும்.

திரும்பும்போது சீனி பைக்கில் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"புரபஸர், தெருவுல ஃப்ரிஜ் நின்னுச்சே, நாவலுக்கு ஆகுமா?"



ஜூன் 30, திங்கள்

இரண்டு அறிக்கையையும் முதலிலிருந்து எழுதினேன். தந்தையின் தோரணை பற்றிய வரியை எடுத்துவிட்டேன். பச்சை விளக்கையும்.

முடிவு: நாகஜோதிக்குக் கட்டணம், விடுதி முழுவதும். ஜெயவேல் காத்திருப்பில். பொய்யாகக் காட்டினால் தள்ளுபடி என்ற விதியை மேடம் இரண்டு வீட்டுக்கும் போடவில்லை, வருமானத்தை மட்டும் பார்த்தார்.

இருவருக்கும் தர முடியாதா என்று கேட்டேன். மேடத்துக்குக் கோபம் வந்தது.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆசைய வச்சு செக் எழுத முடியுமா சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்து, "இது அவனுக்குச் செய்யுற தண்டனை இல்லைன்னு அவங்க வீட்டுல நீங்களே போய்ச் சொல்லுங்க. போன்ல சொல்லாதீங்க" என்றார்.

போனேன். செல்லத்துரை கேட்டுக்கொண்டார். "சரி" என்றார். தண்ணீர்கூடத் தரவில்லை. ஃப்ரிஜ் அதன் இடத்துக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சில்லை என்றார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

நாகஜோதி போன்.

"வேன் வந்துச்சு சார். ரொம்ப நேரம் ஹாரன் அடிச்சாரு. அப்பாதான் போயி, 'அது வரல, படிக்கப் போகுது'ன்னு சொல்லுச்சு. ரெண்டு தடவ சொல்லுச்சு."

"நல்லது."

"எங்க தெருவுல இருந்து வேற ரெண்டு பேரு ஏறுனாக. என்கூடப் படிச்சதுகதான்."

"அவர்கள் விண்ணப்பிக்கவில்லையா?"

"எதுக்கு சார்?"

எந்த அர்த்தத்தில் கேட்டாள் என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

ஜெயவேலைக் கூட்டிக்கொண்டு அரசுக் கல்லூரிக்குப் போனேன். மீதி இடங்களுக்குச் சேர்க்கை நடக்கிறது. கணினிப் பாடத்தில் இடம் இல்லை. வணிகவியல் முடிந்துவிட்டது. கணிதத்தில் இடம் இருந்தது. வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகலாம்; பஸ் பாஸ் உண்டு. கணிதம் படித்துவிட்டுப் பிறகு எம்.சி.ஏ.வுக்குப் போக முடியும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை, வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் நீயாக வந்து சொன்னாய் அன்றைக்கு?"

"எல்லாத்துக்கும் தெரியும் சார், எங்க ஃப்ரிஜ்ஜுன்னு. ஊரே தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நான் படிச்சு என்னத்துக்கு?" பிறகு, "நாகஜோதிகிட்டச் சொல்லாமப் பேசிட்டேன். அதுக்கும் திட்டுனா" என்றான்.

சேர்ந்துவிட்டான். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"ஃப்ரிஜ்ஜ வித்துரலாமான்னு அம்மா கேக்குது சார். வித்துட்டா அடுத்த வருசம் எனக்குக் கிடைக்குமா?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அமலி மேடத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"விக்காம இருக்கச் சொல்லவா?"

"விற்க வேண்டாம்."

அதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

கட்டணம் கட்டக் கடைசி நாள். சீனி காலையிலேயே மதுரைக்குப் போய்க் கட்டிவிட்டார். நாகஜோதி விடுதியில் சேர்ந்தாள். ஊர்க்காவலன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி வாசல்வரை போனாராம். உள்ளே ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெட்டியில் அவர் கைக்கரி பட்டுவிட்டதென்று வேட்டியால் துடைத்தாராம். அது இன்னும் பரவிவிட்டதாம்.

"அவ 'விடுப்பா, அடையாளத்துக்கு ஆகும்'னா" என்றார் சீனி.

இரவு அப்பாவுக்கு நானே போன் செய்தேன். பிஎச்.டி.யில் பதியவில்லை என்று சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஜூலை 7, திங்கள்

இரண்டாம் கட்ட விண்ணப்பங்கள். கமுதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. பெண் பாலிடெக்னிக் கேட்டிருக்கிறாள். அம்மா மட்டும். ஓலைக் கொட்டகை. உள்ளே ஃப்ரிஜ், சின்னது, சிவப்பு.

சீனி என்னைப் பார்த்தார்.

எழுந்துபோய்க் கதவில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. உள்ளே மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. வயர் கொட்டகைக் கழி வழியாக ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. அந்த அம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேனாவை மூடிப் பையில் வைத்தேன். நாற்காலி தந்திருந்தார்கள், தரையில் உட்கார்ந்தேன்.

"தவணை முடிஞ்சிருச்சாம்மா?"

அவரும் எதிரே உட்கார்ந்தார்.

"அத ஏன் கேக்குறீக" என்று ஆரம்பித்தார்.